உரம் சென்ற வழி: மண்ணாய்வில் ஐசோடோப்புகள்

சாமுண்டி மலையைச் சுற்றிப் பரந்து கிடக்கும் மைசூர் வட்டாரத்து நிலங்களில் பெரும்பகுதி செம்மண்ணாகும். கிரானைட், நைஸ் முதலிய பாறைகள் நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்து உண்டான மண் இது. ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் இவ்வட்டாரத்தின் மேட்டு நிலங்களில் கேழ்வரகே முதன்மையான உணவுப் பயிர். ஆனி, ஆடி மாதங்களில் மழை கண்டதும் விவசாயி கேழ்வரகை விதைக்கிறார். தம் சக்திக்கேற்ப ரசாயன உரமும் இடுகிறார். அறுவடை முடிந்த பின் அவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்று உண்டு. விலை கொடுத்து வாங்கி இட்ட உரத்தில் பயிர் உண்டது எவ்வளவு? எஞ்சியது எங்கே போயிற்று?

கேள்வி எளியது, விடை காண்பது எளிதன்று. மண்ணில் இயல்பாக உள்ள பாஸ்பரஸும், மூட்டையிலிருந்து வந்த பாஸ்பரஸும் ஒரே பொருள். பயிரைப் பொசுக்கிச் சாம்பலைச் சோதிக்கும் ரசாயன நிபுணர் அதில் உள்ள பாஸ்பரஸின் மொத்த அளவைக் கூறிவிடுவார். எந்தப் பங்கு மண்ணுடையது, எந்தப் பங்கு உரத்தினுடையது என்று பிரித்துக் கூற அச்சோதனையால் இயலாது. இரண்டு ஆறுகள் கலந்த பின் ஒரு குடம் நீரை மொண்டு, இதில் எந்த ஆற்று நீர் எவ்வளவு என்று கேட்பதைப் போன்றதே இது.

பழைய முறையும் அதன் குறையும்

இக்கேள்விக்கு விடை காண விஞ்ஞானிகள் நெடுநாள் கையாண்ட முறை, உரமிட்ட பாத்தியையும் உரமிடாத பாத்தியையும் அருகருகே அமைத்து ஒப்பிடுவதாகும். பழைய மைசூர் அரசு இத்துறையில் முந்திக்கொண்ட அரசுகளுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளிலேயே அடால்ஃப் லேமன் என்ற அறிஞரை வேளாண் ரசாயன நிபுணராக அது நியமித்தது. பெங்களூரை அடுத்த ஹெப்பாளில் உரப் பரிசோதனைகள் தொடங்கின. பாத்திகளை ஒப்பிடும் அம்முறை இன்றும் பயனுள்ளதே. எவ்வளவு உரமிட்டால் எவ்வளவு விளைச்சல் கூடும் என்பதை அது காட்டுகிறது.

ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. உரமிட்ட பாத்தியிலுள்ள பயிர் செழித்து வளர்கிறது. அதன் வேர்களும் ஆழமாகவும் அகலமாகவும் ஓடுகின்றன. ஆகவே அப்பயிர் மண்ணின் சத்தையும் அதிகமாக ஈர்க்கிறது. இரு பாத்திகளுக்கும் உள்ள வேற்றுமை முழுவதையும் உரத்தின் கணக்கில் எழுதினால் கணக்குப் பிழைபடும். உரத்திலிருந்து வந்த அணுவை அடையாளம் கண்டுகொள்ள ஒரு வழி வேண்டும். அந்த வழியை அளித்தவை ஐசோடோப்புகள்.

தடங்காட்டும் அணுக்கள்

ஒரே மூலகத்தைச் சேர்ந்தவையாயினும் எடையில் வேறுபட்ட அணுக்களை ஐசோடோப்புகள் என்கிறோம். ரசாயனக் குணத்தில் அவை ஒன்றே. செடியின் வேர் அவற்றினிடையே பெரும்பாலும் வேற்றுமை பாராட்டுவதில்லை. இயற்கையில் கிடைக்கும் பாஸ்பரஸ் அணுக்கள் யாவும் 31 என்னும் எடை எண் உடையவை. அணு உலையில் கந்தகத்தை நியூட்ரான்களுக்கு உட்படுத்துவதால் பாஸ்பரஸ்-32 பெறப்படுகிறது. இது கதிரியக்கம் உள்ளது. பீட்டா கதிர்களை வீசியபடி அழிந்துகொண்டே வரும். இதனைச் சிறிதளவு சேர்த்து சூப்பர்பாஸ்பேட் தயாரித்தால், அவ்வுரம் செல்லும் இடமெல்லாம் கதிர் அளக்கும் கருவிக்குத் தெரிந்துவிடும். இவ்வாறு பயன்படும் அணுக்களைத் தடங்காட்டிகள் என்பர்.

இம்முறையின் தந்தை என்று போற்றப்படுபவர் ஹங்கேரி நாட்டு அறிஞர் ஜார்ஜ் டி ஹெவெஷி. 1911இல் அவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். தட்டில் மிஞ்சிய உணவையே விடுதித் தலைவி மீண்டும் சமைத்துப் பரிமாறுகிறார் என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. மிஞ்சிய உணவில் கதிரியக்கப் பொருளைச் சிறிது கலந்து வைத்தார். சில நாட்களுக்குப் பின் மேசைக்கு வந்த வேறொரு பண்டத்தைக் கருவியால் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. இக்கதையை ஹெவெஷியே பிற்காலத்தில் கூறுவதுண்டு. 1923இல் அவர் கதிரியக்கமுள்ள ஈயத்தைப் பயன்படுத்தி, அவரைக் குடும்பத்துச் செடிகள் ஈயத்தை வேரால் ஈர்ப்பதை ஆராய்ந்தார். செடிகளில் தடங்காட்டியைப் பயன்படுத்திய முதல் ஆராய்ச்சி அதுவே. 1943ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

இந்தியாவில் இத்துறை வளர்வதற்கு வழிவகுத்தது பம்பாயை அடுத்த டிராம்பேயில் அமைந்த அணு ஆராய்ச்சி நிலையம். நாட்டின் முதல் அணு உலையான அப்சரா 1956 ஆகஸ்டு 4 அன்று இயங்கத் தொடங்கியது. 1960இல் சைரஸ் உலையும் இயங்கலாயிற்று. உள்நாட்டிலேயே ஐசோடோப்புகள் கிடைக்கவே, வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் அவற்றைப் பெற முடிந்தது. புது டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் 1969இல் இதற்கெனத் தனி அணு ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டது. உலக அளவில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் சர்வதேச அணுசக்தி நிறுவனமும் 1964இல் வியன்னா நகரில் கூட்டுப் பிரிவு ஒன்றை அமைத்தன.

கணக்கிடும் விதம்

இம்முறையின் கணக்கை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். 500 மொச்சை விதைகளை எடுத்துக்கொள்க. அவற்றுள் 100 விதைகள் உரம். மற்ற 400 விதைகள் மண்ணின் சத்து. உரமாகக் கொண்ட 100 விதைகளில் 50க்கு மட்டும் சிவப்பு மை தடவுக. எல்லா விதைகளையும் ஒரு பையிலிட்டு நன்கு கலக்கி, கண்ணை மூடிக்கொண்டு 50 விதைகளை எடுக்கச் சொல்க. இதுவே பயிர் உண்ட சத்து. பலமுறை எடுத்துச் சராசரி கண்டால், 50இல் ஏறத்தாழ 5 விதைகள் சிவப்பாக இருக்கும்.

உரத்தில் சிவப்பின் பங்கு பாதி. பயிரில் அதன் பங்கு பத்தில் ஒன்று. பத்தில் ஒன்று என்பது பாதியின் ஐந்தில் ஒரு பகுதி. எனவே பயிர் உண்ட சத்தில் ஐந்தில் ஒரு பங்கு உரத்திலிருந்து வந்தது. ஐந்தில் நான்கு பங்கு மண்ணிலிருந்து வந்தது. மண்ணின் விதைகளை எண்ணாமலேயே, அவை உரத்தின் விதைகளைப் போல் நான்கு மடங்கு என்பதும் விளங்கிவிடுகிறது.

வயலிலும் இதே கணக்குத்தான். ஒரு ஹெக்டேருக்கு 40 கிலோகிராம் மணிச்சத்து இட்டு, பயிரின் பாஸ்பரஸில் ஐந்தில் ஒரு பங்கு உரத்திலிருந்து வந்ததாகக் கருவி காட்டுகிறது எனக் கொள்வோம். அந்த உரத்திற்குச் சமமான நிலையில் மண்ணில் பயிருக்குக் கிடைக்கக்கூடிய மணிச்சத்து 160 கிலோகிராம் என்று ஆகிறது. 1952இல் ஃப்ரைடு, டீன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வகுத்த இம்மதிப்பு மண்ணாய்வில் ‘ஏ’ மதிப்பு எனப்படுகிறது. பயிர் மொத்தம் 30 கிலோகிராம் மணிச்சத்தை ஈர்த்திருந்தால், உரத்திலிருந்து வந்தது 6 கிலோகிராம். அதாவது இட்ட 40இல் நூற்றுக்கு 15 மட்டுமே. இவை கணக்கை விளக்கக் கொண்ட எண்கள். ஆயினும் மணிச்சத்து உரத்தில் முதற் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக நூற்றுக்கு 10 முதல் 25 வரையிலேயே இருக்கும்.

செம்மண்ணில் மணிச்சத்து

மிகுதி எங்கே போகிறது? செம்மண்ணுக்கு அதன் நிறத்தைத் தருவன இரும்பு ஆக்ஸைடுகள். அவையும் அலுமினிய ஆக்ஸைடுகளும் நீரில் கரைந்த பாஸ்பேட்டைப் பற்றிப் பிடித்துக்கொள்கின்றன. உரம் மழையோடு ஓடிவிடவில்லை. இட்ட இடத்திற்கு அருகிலேயே இருக்கிறது. ஆனால் வேருக்கு எளிதில் எட்டாத நிலையில் கட்டுண்டு கிடக்கிறது. காலப்போக்கில் அதில் சிறு பகுதி பின்வரும் பயிர்களுக்கு மெல்ல மெல்லக் கிடைக்கும்.

இதிலிருந்து விவசாயிக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. சூப்பர்பாஸ்பேட்டை நிலம் முழுவதும் வாரி இறைத்து உழுதால், ஒவ்வொரு மணியும் புதிய மண்ணைத் தொட்டுக் கட்டுண்டுபோகிறது. விதைக்கும் சாலிலேயே, விதைக்குச் சற்றுப் பக்கத்திலும் கீழுமாக வரிசையில் இட்டால் மண்ணுடன் தொடர்பு குறைகிறது. இளம் வேர் நீளும்போதே உரம் எதிர்ப்படுகிறது. பாஸ்பரஸ்-32 கொண்டு பல நாடுகளில் நடந்த சோதனைகள், புன்செய் தானியங்களுக்கு இம்முறையின் மேன்மையை உறுதிப்படுத்தியுள்ளன.

நன்செய் நிலத்திலோ நிலைமை வேறு. 1911இல் கட்டத் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணையின் நீர் விசுவேசுவரய்யா கால்வாய் வழியே மண்டியா வட்டாரத்தில் பாய்கிறது; அங்கு நெல்லும் கரும்பும் விளைகின்றன. நீர் தேங்கிய சேற்றில் நெல்லின் இளம் வேர்கள் மேற்பரப்பை ஒட்டியே படர்கின்றன. 1960களில் வியன்னா நிறுவனம் நெல் விளையும் நாடுகள் பலவற்றில் ஒரே திட்டப்படி சோதனைகள் நடத்தியது. நெல்லுக்கு மணிச்சத்தை ஆழத்தில் புதைப்பதைவிட மேற்சேற்றில் கலப்பதே நன்று என்று அச்சோதனைகள் காட்டின. தழைச்சத்துக்கு இதற்கு நேர்மாறான முடிவு கிடைத்தது. அம்மோனியம் சல்பேட்டை நீரின் மேல் தூவுவதைவிட, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இடும்போது பயிர் அதை அதிகமாக ஈர்த்தது. நைட்ரேட் உரம் நெல் வயலில் பெரும்பாலும் வீணாயிற்று.

மர வகைகளிலும் இம்முறை பயன்பட்டுள்ளது. மரத்தைச் சுற்றிப் பல தூரங்களிலும் ஆழங்களிலும் பாஸ்பரஸ்-32 கரைசலை மண்ணுள் செலுத்தி, இலையில் கதிர் தோன்றுவதை அளந்தால், சத்தை ஈர்க்கும் வேர் எங்கே உள்ளது என்பது தெரியும். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தென்னையில் இவ்வாறு ஆராய்ந்தபோது, உழைக்கும் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்திலிருந்து 2 மீட்டர் சுற்றளவுக்குள் இருப்பது தெரியவந்தது. தென்னைக்கு அந்த வட்டப் பாத்திக்குள் உரமிடச் சொல்லும் சிபாரிசுக்கு இது தக்க ஆதாரம்.

கதிர் வீசாத நைட்ரஜன்-15

தழைச்சத்தை ஆராய ஏற்ற கதிரியக்க ஐசோடோப்பு இல்லை. நைட்ரஜனின் கதிரியக்க வகைகளில் நீண்ட ஆயுள் உடையதும் பத்து நிமிடத்தில் பாதியாகிவிடும். அதற்குப் பதிலாகக் கதிரியக்கமற்ற நைட்ரஜன்-15 பயன்படுகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனில் இது நூற்றுக்கு 0.366 பங்கு மட்டுமே. இப்பங்கை மிகுதியாக்கித் தயாரித்த உரத்தை வயலில் இட்டு, பயிரையும் மண்ணையும் அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவியில் சோதிக்கின்றனர்.

இதனால் கிடைத்த வரவு செலவுக் கணக்கு சிந்திக்கத்தக்கது. நீர் தேங்கிய நெல் வயலில் இட்ட தழைச்சத்தில் பயிர் எடுப்பது பெரும்பாலும் நூற்றுக்கு 30 முதல் 40 வரை. ஒரு பகுதி மண்ணின் கரிமப் பொருளோடு கலந்து நிற்கிறது. அதிலிருந்து அடுத்த பயிருக்குக் கிடைப்பது மிகச் சிறிது. மற்றப் பகுதி அம்மோனியாவாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் காற்றில் கலக்கிறது, அல்லது நைட்ரேட்டாகக் கரைந்து நிலத்தடி நீரைச் சேர்கிறது. யூரியாவை ஒரே முறையாகக் கொட்டாமல், பயிர் வேண்டும் பருவங்களில் பிரித்து இடுக என்று களப்பணியாளர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. இழப்பு விவசாயியின் பணத்தோடு நிற்பதில்லை. கிணற்று நீரையும் அது தொடுகிறது.

மைசூர் வட்டார விவசாயிகள் கேழ்வரகு வரிசைகளுக்கிடையே மொச்சை, துவரை முதலியவற்றை விதைப்பது பழைய வழக்கம். இவ்வாறு ஊடுபயிராக வரும் மொச்சை காற்றிலிருந்து எவ்வளவு நைட்ரஜனைச் சேர்க்கிறது என்பதையும் நைட்ரஜன்-15 கொண்டு அளக்கலாம். கேழ்வரகுக்கும் மொச்சைக்கும் அடையாளமிட்ட உரத்தைச் சம அளவில் இடவேண்டும். காற்று நைட்ரஜனை வேர் முடிச்சில் சேர்க்கும் மொச்சையில் அந்த அடையாளம் நீர்த்துக் காணும். கேழ்வரகில் உள்ளதில் பாதியளவே அடையாளம் இருப்பின், மொச்சையின் தழைச்சத்தில் பாதி காற்றிலிருந்து வந்தது என்பது பொருள்.

நீரும் மண்ணரிப்பும்

நீரை அளப்பதற்கும் அணு துணை புரிகிறது. வயலில் நாட்டிய குழாய்க்குள் அமெரிசியமும் பெரிலியமும் கலந்த நியூட்ரான் மூலத்தை இறக்குகின்றனர். அதிலிருந்து வேகமாகப் புறப்படும் நியூட்ரான்கள் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் மோதி வேகம் தளர்கின்றன. தளர்ந்து திரும்புவனவற்றை எண்ணினால், அந்த ஆழத்தில் மண் ஈரம் எவ்வளவு என்பது தெரியும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும், மண்ணைத் தோண்டாமல் அளக்க முடிவது இதன் சிறப்பு.

கர்நாடகத்தில் பெங்களூர் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தில், உயிரியல் ஆய்வுக்கான நிலைத்த ஐசோடோப்புக் கூடம் ஒன்று தேசிய வசதியாக அமைந்துள்ளது. கரியில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.1 பங்கு கார்பன்-13. நிலக்கடலை, நெல் போன்ற செடிகள் காற்றின் கரியை ஏற்கும்போது இந்தக் கனத்த அணுவைச் சற்று ஒதுக்குகின்றன. குறைவாக ஒதுக்கும் வகை, பொதுவாகக் குறைந்த நீரில் அதிகம் விளையும் வகையாகும். இலையைச் சோதித்தே வறட்சி நிலத்துக்கு ஏற்ற வகைகளைப் பொறுக்கி எடுக்க இது உதவுகிறது.

மண்ணரிப்பைக் கணிக்க உதவுவது சீசியம்-137. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வானில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் இது உலகெங்கும் படிந்தது. 1963 அளவில் படிவு உச்சத்தை எட்டியது. களிமண் துகளை இறுகப் பற்றிக்கொண்டு, 30 ஆண்டுகளில்தான் பாதியாகிறது. அரிப்பில்லாத நிலத்தைவிடச் சரிவில் இது குறைந்திருந்தால் மேல்மண் போய்விட்டது. பள்ளத்தில் கூடியிருந்தால் மண் அங்கே சேர்ந்துள்ளது.

அச்சத்திற்கு இடமுண்டா?

கதிரியக்கம் என்றதும் மக்கள் அஞ்சுவது இயல்பு. களப்பணியாளரும் ஆசிரியரும் இதில் தெளிவு பெற்றிருத்தல் வேண்டும். 1950இல் மைசூரில் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்தின் பெயரை அறிந்தவர்கள், தானியங்களைப் பூச்சியிலிருந்து காக்கக் கதிர் பாய்ச்சும் முறையைக் கேள்விப்பட்டிருக்கலாம். அது வேறு, தடங்காட்டி வேறு. அங்கு பொருளின் மேல் வெளியிலிருந்து கதிர் பாய்கிறது. பொருள் கதிரியக்கம் பெறுவதில்லை. தடங்காட்டி ஆய்வில் கதிரியக்க அணு செடிக்குள்ளேயே செல்கிறது. எனவே அச்செடிகள் உணவாகவோ தீவனமாகவோ வெளியே செல்ல அனுமதிப்பதில்லை. 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்ட ஆய்வுக்கூடங்களிலேயே இவ்வாராய்ச்சி நடைபெறுகிறது. விவசாயிக்கு விற்கப்படும் உரத்தில் இத்தகைய தடங்காட்டி எதுவும் சேர்ப்பதில்லை.

பாஸ்பரஸ்-32 இன் அரை ஆயுள் 14.3 நாட்கள். நூறு நாட்களில் 128இல் ஒரு பங்காகவும், 143 நாட்களில் 1,024இல் ஒரு பங்காகவும் அது குறைந்துவிடும். இது பாதுகாப்புக்கு நல்லது. ஆராய்ச்சிக்கோ ஓர் எல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் கேழ்வரகின் முதிர்ந்த கதிர் வரை இதனைத் தொடர்வது கடினம். இளம் பருவ அளவீடுகளையே பெரிதும் நம்பவேண்டும். நைட்ரஜன்-15க்கு இத்தொல்லை இல்லை. ஆனால் அதன் விலை அதிகமாதலால் சிறு பாத்திகளில் மட்டுமே இடுகின்றனர். ஒரு நிலையத்தில் கண்ட எண்ணை வேறு மண்ணுக்கு அப்படியே பொருத்தலும் ஆகாது.

கிராமத்திலுள்ள களப்பணியாளரிடம் கதிர் அளக்கும் கருவி இராது, இருக்கவும் வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில் அணுக்கள் காட்டிய தடத்தை வயலில் செயலாக்குவதே அவர் பணி. மண்ணைச் சோதித்து உரத்தின் அளவை முடிவு செய்தல், செம்மண் புன்செயில் மணிச்சத்தை விதைச் சாலில் வரிசையாக இடுதல், நெல் வயலில் அதனை மேற்சேற்றில் கலத்தல், யூரியாவைப் பருவமறிந்து பிரித்திடல், தென்னைக்கு வட்டப் பாத்திக்குள் உரமிடல், கேழ்வரகோடு மொச்சையைக் கைவிடாதிருத்தல் ஆகிய இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் அளந்து கண்ட காரணம் இருக்கிறது. அக்காரணத்தை விவசாயிக்கு அவர் மொழியில் எடுத்துரைத்தால், அடுத்த ஆடியில் வாங்கும் மூட்டையில் இன்னும் சிறிது பயிரின் வேருக்குப் போய்ச் சேரும்.